வீச்சு வலைக்கு ஈயக்குண்டு வார்க்கலாம்: ஒரு சட்டி, ஒரு கரண்டி, ஒரு மாக்கல் அச்சு

மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடினால், ஜூன் 12 வரும்வரை டெல்டாவின் ஆறுகளில் மணல்தான் அதிகம் தெரியும். அணைக்கரைக்குக் கீழே கொள்ளிடத்தில் அங்கங்கே மடுவில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். வலை வைத்திருப்பவர்கள் அதை எடுத்துக் கொடியில் போட்டு, கிழிசல் பார்த்து, குண்டு எண்ணும் காலம் இது. எண்ணினால் எப்போதும் குறையும். கல்லில் மாட்டியது, கயிறு அறுந்து சேற்றில் போனது என்று போன வருஷம் என் வலையில் 41 குண்டு காணோம்.

கடையில் குண்டு கிடைக்கிறது. வாங்கிக் கோப்பதில் தவறில்லை. ஆனால் கடைக்குண்டில் எனக்கு இரண்டு குறை. ஒன்று, எடை ஒன்றுபோல இருக்காது. இன்னொன்று, துளையின் விளிம்பு கூராக இருந்து கயிற்றைத் தின்னும். போதாததற்குப் பழைய வலையில் மூன்று நான்கு கிலோ ஈயம் சும்மா கிடக்கும்போது புதிதாக வாங்க மனசு வராது. வீட்டிலேயே வார்க்க பெரிய பட்டறை ஒன்றும் வேண்டாம். தேவையானது பொறுமையும், தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் பயமும். தண்ணீர் ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இதே சட்டியில் துப்பாக்கிக் குண்டும் வார்க்கலாமா, வெடித்த தோட்டாவில் மறுபடி மருந்து அடைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் அது வீட்டு மேசையில் கைக்கருவிகளை வைத்துச் செய்கிற பொழுதுபோக்கு. நம் ஊரில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இங்கே பேசப்போவது மீன் வலைக்கான நீளக் குண்டு மட்டும்.

எந்த ஈயம்?

டெல்டாவில் ஈயம் என்றதும் கும்பகோணத்து ஈயச்சொம்பும் ரசமும்தான் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். 232 டிகிரியிலேயே உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்து ஓட்டை போட்ட கதை பல வீட்டில் உண்டு. வலைக்குண்டு காரீயம். 327 டிகிரியில் உருகும், விஷம். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. காரீயத்தில் நகத்தை வைத்து அழுத்தினால் கீறல் விழும், காகிதத்தில் இழுத்தால் பென்சில்போலச் சாம்பல் கோடு வரும். கத்தியால் வெட்டினால் வெட்டிய இடம் பளபளத்து, கொஞ்ச நாளில் மங்கும். வெள்ளீயக் கம்பியை வளைத்தால் கிரீச் என்று ஒரு சத்தம் வரும். காரீயம் சத்தமில்லாமல் வளையும்.

நல்ல ஈயம் கிடைக்கும் இடங்கள்: பழைய வலைக்குண்டு, பழைய கட்டடங்களை இடிக்கும்போது வரும் ஈயக் குழாய், தொலைபேசிக் கேபிளின் ஈய உறை. காயலான் கடையில் சொல்லிவைத்தால் எடுத்து வைப்பார்கள். கார் சக்கரத்தில் ஒட்டும் எடைக்கட்டிகளும் வரும். அவற்றோடு துத்தநாகக் கட்டிகளும் கலந்திருக்கும். துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும், அதனால் சூட்டை அளவாக வைத்தால் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். சூடு மீறினால் அதுவும் கரைந்து ஈயம் கூழ்போலாகி அச்சில் ஓடாது.

பழைய பேட்டரி மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே அமிலம் இருக்கிறது. தட்டுகளில் உள்ள ஆன்டிமனி, ஆர்செனிக் போன்றவை ஸ்டிபைன், ஆர்சைன் என்ற விஷ வாயுக்களைக் கிளப்பக்கூடும். தவிர 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரி முறையான மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும். புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்துக் கழித்துக்கொள்வது லாபமும்கூட.

எத்தனை குண்டு, என்ன எடை

இதைக் கணக்குப் போடாமல் அடுப்பு மூட்டினால் பாதியில் ஈயம் தீர்ந்து நிற்பீர்கள். வலையின் உச்சியிலிருந்து அடிவிளிம்பு வரை உள்ள நீளத்தை 6.28-ஆல் பெருக்கினால் வாய் முழுதாக விரியும்போது சுற்றளவு. என் வலை 2 மீட்டர், நாலரை முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. சுற்றளவு 12.5 மீட்டர். ஆறு சென்டிமீட்டர் சொச்சத்துக்கு ஒரு குண்டு என்றால் 200 குண்டு.

குண்டின் நீளம் 25 மில்லிமீட்டர், வெளிக்கனம் 10, துளை 4 என்று வைத்தால் ஒன்று ஏறத்தாழ 19 கிராம் வரும். 200-க்கு 3.8 கிலோ. கசடுக்கும் சிந்தலுக்கும் சேர்த்து நாலரைக் கிலோ ஈயம் கையில் இருக்கட்டும். நிற்கிற குளத்தில் ஜிலேபிக் கெண்டைக்கு மட்டும் வீசுபவர்களுக்கு 15 கிராம் குண்டே போதும், தோள் நோகாது. புதுத் தண்ணீர் வந்து ஓடும்போது கொள்ளிடத்தில் வீசினால் 19-கூடக் குறைச்சல்தான். வலை அடியைத் தொடுவதற்குள் இழுப்பு அதைச் சுருட்டிவிடும், கெண்டை அடியால் நழுவிப் போகும். கண் சிறிதான வலை தண்ணீரில் மெதுவாக இறங்கும் என்பதால் அதற்கும் கூடுதல் எடை வேண்டும்.

அடுப்பில்லாமல் ஒரு தொடக்கம்

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் யோசனை: முதல் இருபது குண்டை உருக்காமல் செய்யுங்கள். ஈயக் குழாயைப் பிளந்து, மரச்சுத்தியால் தட்டித் தட்டி 2 மில்லிமீட்டர் தகடாக்குங்கள். தகரக் கத்திரியால் 25-க்கு 33 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டை 4 மில்லிமீட்டர் கம்பியில் சுற்றி, மரக்கட்டையில் உருட்டி, மெல்லத் தட்டினால் குண்டு தயார். எடையும் அதே 19 கிராம்தான் வரும். கொஞ்சம் அவலட்சணமாக இருக்கும், மடிப்பு விளிம்பில் நூல் மாட்டாமல் பார்த்துத் தட்ட வேண்டும். ஆனால் புகையும் இல்லை, தீக்காயமும் இல்லை. விட்டுப்போன குண்டுகளை மட்டும் நிரப்ப வேண்டியவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நானே இரண்டு வருஷம் இப்படித்தான் ஓட்டினேன்.

அச்சு

சுவாமிமலையில் காவிரி வண்டலைக் குழைத்து மெழுகுச் சிலைமேல் பூசி அச்சு செய்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நானும் முதலில் வண்டலில்தான் முயன்றேன். அங்கே ஒரு சிலைக்கு ஒரு அச்சு, வார்த்ததும் உடைத்துவிடுவார்கள். நமக்கோ ஒரே அச்சில் நாற்பது முறை ஊற்ற வேண்டும். என் வண்டல் அச்சு ஐந்தாம் முறை விளிம்பு உதிர்ந்தது. மாக்கல்தான் இதற்குச் சரி. சூடு தாங்கும், ஆணியால்கூடக் குடையலாம், ஈயம் ஒட்டாது.

பாத்திரக் கடையில் விளிம்பு உடைந்த மாக்கல் தோசைக்கல் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். எண்ணெய் காட்டிப் பழக்காததாக இருக்க வேண்டும். அதிலிருந்து 15 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு பட்டைகளை ஆக்சா பிளேடால் அறுத்தேன். அறுக்கும்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஒரு பட்டை ஒரு விரற்கடைக் கனமாவது இருந்தால் நல்லது. ஒன்றோடொன்று சேரும் முகங்களைக் கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்துச் சமமாக்குங்கள். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவே கீற்று தெரியக் கூடாது.

அப்புறம் இரண்டையும் கிளாம்ப் போட்டு இறுக்கி, சேரும் கோட்டின் மேலேயே, மேலிருந்து கீழாகத் துளை போட வேண்டும். முதலில் 4 மில்லிமீட்டர் துளை, அடி வரை ஊடுருவி. அடுத்து அதே துளையில் 10 மில்லிமீட்டர் பிட்டை 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் இறக்குங்கள். பிட்டில் அந்த அளவில் ஒரு டேப் சுற்றிவைத்தால் ஆழம் தவறாது. வரிசையை மாற்றாதீர்கள். சிறு துளை முதலில் இருப்பதால்தான் பெரியது நடு பிசகாமல் இறங்கும். கை துரப்பணமே போதும், மாக்கல் வெண்ணெய்போல இறங்கும். இப்படி வரிசையாக ஐந்து குழி. இரு ஓரத்திலும் ஒவ்வொரு ஆணி புதைத்து, எதிர்ப்பட்டையில் அதற்கான துளை போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் சேரும்.

துளைக்கான கம்பி: 8 கேஜ் வெல்டிங் ராடு, மேல்பூச்சைத் தட்டி உதிர்த்துவிட்டு உப்புத்தாளால் வழவழப்பாக்கியது. சரியாக 4 மில்லிமீட்டர். ஐந்து துண்டு, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். அச்சின் அடித்துளை வழியாக இது நடுவில் நிமிர்ந்து நிற்கும், ஈயம் சுற்றி நிரம்பும்.

அச்சையும் கம்பியையும் கற்பூரப் புகையில் காட்டிக் கரி படியவிடுங்கள். கரி படிந்த அச்சில் ஈயம் நன்றாக ஓடும், கம்பியும் சுலபமாகக் கழன்று வரும்.

தண்ணீர்

இனி அந்த விஷயம். உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் மாட்டினால் அது நொடியில் ஆவியாகி 1600 மடங்குக்கு மேல் விரியும். மேலே இருக்கும் ஈயம் முழுவதும் முகத்தை நோக்கித் தெறிக்கும். டெல்டாவில் எதில்தான் ஈரமில்லை? மார்கழிப் பனியில் கிடந்த கரண்டி, காயாத மாக்கல், வேர்த்து வடியும் நெற்றி, எல்லாமே ஆபத்துதான்.

எல்லாவற்றையும்விட மோசம் பழைய வலைக்குண்டு. வெளியே பார்த்தால் காய்ந்திருக்கும், துளைக்குள் ஆற்றுச் சேறு அடைத்துக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு சித்திரையில் கழுவி ஒருநாள் மட்டும் வெயிலில் போட்ட குண்டுகளைக் கொதிக்கிற சட்டியில் நாலைந்து போட்டேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். சட்டியில் இருந்ததில் கால்வாசி கொட்டகை ஓட்டில் போய் ஒட்டிக்கொண்டது. மணிக்கட்டில் கடலை அளவுக்கு ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

அன்றிலிருந்து ஒரே வழக்கம்: பழைய குண்டின் துளையை ஆணியால் குத்திச் சேற்றை எடுத்து, மூன்று நாள் வெயிலில் காயவைத்து, குளிர்ந்த சட்டியிலேயே முதலில் போட்டு, அதன்பிறகுதான் தீ மூட்டுவேன். சூடு ஏறும்போதே ஈரம் போய்விடும். உருகிய பிறகு சட்டியில் எதையும் புதிதாகப் போடுவதில்லை. ஈயம் போதவில்லையா, ஆறவிட்டு அடுத்த சட்டி. அச்சையும் மூன்று நாள் வெயில், பிறகு அடுப்போரம் அரைமணி நேரம். மாக்கல் கையுறையிலும் சுடும் அளவுக்குச் சூடேறினால்தான் ஊற்றலாம்.

உருக்குதல்

இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும். களம் நல்லது, வைக்கோல் போர் பக்கம் வேண்டாம். கீற்றுக் கொட்டகைக்குள்ளும் சமையற்கட்டிலும் செய்யவே கூடாது. காற்று முதுகிலிருந்து வரும்படி உட்காருங்கள். கீழே காய்ந்த மணல் பரப்புங்கள். சிந்தினால் மணலில் உறையும், பொறுக்கிக்கொள்ளலாம். சிமென்ட் தரையில் சூடான ஈயம் கொட்டினால் தரையின் ஈரம் வெடித்துச் சில்லு பறக்கும்.

உடுப்பு: முழுக்கைப் பருத்திச் சட்டை, கால்சட்டை, மூடிய தோல் செருப்பு அல்லது ஷூ, வெல்டிங் கையுறை, முகம் மறைக்கும் கண்ணாடி. லுங்கியை மடித்துக் கட்டி வெறுங்காலோடு உட்காரும் வேலை இல்லை இது.

கனமான இரும்புச் சட்டி வேண்டும். அலுமினியம் வேண்டாம், சூட்டில் தளர்ந்து அடி விட்டுவிடும். இதற்கென்று எடுத்த சட்டியும் கரண்டியும் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது. அடையாளத்துக்குப் பிடியில் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். கரி அடுப்பே போதும். ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிலோ போடுங்கள். நிறையப் போட்டால் சூடேற நேரமாகும், சட்டியைக் கையாளவும் கஷ்டம்.

உருகியதும் மேலே சாம்பல் நிற ஆடை படியும். சுண்டைக்காய் அளவு மெழுகுவர்த்தித் துண்டைப் போட்டுக் கலக்குங்கள். குப்பென்று தீப்பிடித்து அணையும், பயப்பட வேண்டாம், முகத்தைத் தள்ளி வைத்தால் போதும். அழுக்கு தனியாகப் பிரியும், ஆடையில் கலந்திருந்த ஈயம் கீழே இறங்கும். மிஞ்சும் கசடை வழித்து ஒரு தகர டப்பாவில் போடுங்கள்.

சூடு பார்க்க வெப்பமானி இல்லாதவர்கள் நன்றாகக் காய்ந்த தென்னை ஈர்க்கை நுனியில் தொட்டுப் பாருங்கள். சட்டென்று பழுப்பாகிக் கருகத் தொடங்கினால் ஊற்றலாம். தொட்டதுமே பற்றி எரிந்தாலோ, ஈயத்தின்மேல் பொன்னிறமும் நீலமுமாக நிறம் ஓடினாலோ சூடு அதிகம், கரியைத் தள்ளுங்கள். சூடு ஏற ஏற புகையில் ஈயமும் கூடும்.

ஊற்றும்போது கரண்டியில் ஒரே மூச்சாக, கம்பிக்கு ஒட்டினாற்போல் ஒரு பக்கத்திலிருந்து ஊற்றுங்கள். விட்டு விட்டு ஊற்றினால் குண்டில் வரிவரியாக மடிப்பு விழும். ஈயம் உறையும்போது சுருங்கும், மேலே சிறு குழி விழும். அதனால் விளிம்புக்கு மேல் லேசாகப் புடைக்கிற அளவுக்கு ஊற்றுங்கள். பளபளப்பு மங்கி மேற்பரப்பு கட்டியானதும், பத்து எண்ணிவிட்டு, கம்பியைக் குறட்டால் பிடித்துத் திருகி மேலே இழுங்கள். இதில் தாமதிக்கக் கூடாது. முழுக்க ஆறினால் ஈயம் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கிளாம்பைத் தளர்த்தினால் ஐந்து குண்டும் மணலில் விழும்.

முதல் இரண்டு மூன்று ஊற்று சொதப்பும். முழுசாக நிரம்பாது, சுருக்கம் விழும். அச்சு இன்னும் சூடேறவில்லை என்று அர்த்தம். அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு ஊற்றிக்கொண்டே போங்கள். பிறகு நாற்பது ஊற்றில் 200 குண்டு. ஒரு காலைப் பொழுது.

கை, வாய், குழந்தைகள்

ஈயம் தோல் வழியாகப் பெரிதாக ஏறாது. கையிலிருந்து வாய்க்குப் போவதும், தூளாகவும் புகையாகவும் மூக்கில் ஏறுவதும்தான் வழி. ரத்தத்தில் எந்த அளவு ஈயமும் பாதுகாப்பானதல்ல என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். அதனால் வேலை முடியும்வரை வெற்றிலை, பீடி, டீ எதுவும் கிடையாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. முடித்ததும் முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவி, குளித்து, அந்தத் துணியைத் தனியாக அலசுங்கள். வீட்டில் தவழுகிற குழந்தை இருந்தால் இந்த வருஷம் கடையில் வாங்கிவிடுங்கள், அல்லது குண்டுக்குப் பதில் மெல்லிய இரும்புச் சங்கிலி கட்டுங்கள்.

கசடு டப்பாவை வாய்க்காலிலோ வயலிலோ கொட்டாதீர்கள். மூடி வைத்திருந்து காயலான் கடைக்கே கொடுங்கள். தீப்புண் பட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை, மஞ்சள் எதுவும் வேண்டாம். பெரிய புண் என்றால் மருத்துவமனைதான்.

கோத்துக் கட்டுதல்

வார்த்த குண்டை அப்படியே கோக்கக் கூடாது. ஒவ்வொன்றின் துளை வாயிலும் 6 மில்லிமீட்டர் டிரில் பிட்டை விரலால் நாலு திருகு திருகினால் கூர் போய்விடும். ஈரச் செய்தித்தாளை விரித்து அதன்மேல் செய்யுங்கள், தூள் பறக்காது. பிறகு தராசில் போட்டு 17 கிராமுக்குக் கீழே இருப்பதை அடுத்த உருக்குக்கு ஒதுக்குங்கள்.

3 மில்லிமீட்டர் கயிற்றில் எல்லாவற்றையும் முதலிலேயே கோத்துவிட்டு, ஒவ்வொரு குண்டாகத் தள்ளி, அதன் இரு பக்கமும் நைலான் நூலால் வலை விளிம்போடு சேர்த்து முடிச்சுப் போடுங்கள். கயிற்றை வலையைவிடக் கொஞ்சம் இறுக்கமாக வைத்தால் மீன் தங்கும் மடி நன்றாகத் தொங்கும். நான் முதலில் எட்டு இடத்தில் குண்டைக் கட்டி வட்டத்தைப் பிரித்துக்கொள்வேன், பிறகு இடைவெளியில் இருபத்துநான்கு இருபத்துநான்காக நிரப்புவேன். ஒரே முனையிலிருந்து கட்டிக்கொண்டு போனால் கடைசியில் குண்டு மிஞ்சும் அல்லது வலை மிஞ்சும்.

கட்டி முடித்ததும் ஆற்றுக்கு ஓட வேண்டாம். களத்திலேயே நாலு வீச்சு வீசிப் பாருங்கள். மண்ணில் குண்டு பதிந்த தடம் வட்டமாக இருக்கிறதா என்று தெரியும். ஒரு பக்கம் தட்டையாக இருந்தால் அங்கே கயிறு இழுத்திருக்கிறது, அவிழ்த்துக் கட்ட வேண்டும். பத்துக் குண்டைத் தனியாக ஒரு மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். புதுத் தண்ணீரில் முதல் வாரத்திலேயே இரண்டு குண்டாவது கல்லிடுக்கில் போகும்.